சூரிய மின் முன்கணிப்பு: கணினியும் களமும்

சூரிய மின்நிலையம் நாளை எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் தரும் என்று முன்கூட்டிச் சொல்வதே சூரிய மின் முன்கணிப்பு. இந்திய மின்கட்டமைப்பு ஒரு நாளை 15 நிமிடம் கொண்ட 96 பகுதிகளாகப் பிரித்து நடத்தப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்குமான உற்பத்தி அட்டவணையை நிலையம் முன்னதாகவே தரவேண்டும். வரம்பு மீறி விலகினால் அதற்குக் கட்டணம் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் போன்ற இடங்களில் இந்த விலகல் சின்னத் தொகையாக இருக்காது. இயந்திரக் கற்றலோடு முனைவர் பட்ட ஆய்வாளர்கள் வந்து சேர்வது இங்கேதான்.

மேகமே இல்லாத வானம் என்றால் அவர்களுக்கு வேலை குறைவு. சூரியன் எந்த நிமிடம் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதை வானியல் கணக்கே சொல்லிவிடும். ஆகவே, அளந்த கதிர்வீச்சைத் தெளிந்த வானத்துக்குரிய கதிர்வீச்சால் வகுத்து, கிடைக்கும் விகிதத்தைக் கணிக்கவே கணினி மாதிரியைப் பழக்குகிறார்கள். கடும் வெயிலில் மின்சாரம் கொட்டும் என்பதும் பாதி உண்மைதான். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் தகடு ஏறக்குறைய 0.4 சதவீதத் திறனை இழக்கிறது.

ஆய்வாளரின் பொழுதை விழுங்குவது தரவைச் சுத்தம் செய்யும் வேலை. கதிர்வீச்சை அளக்கும் பைரனோமீட்டரின் கண்ணாடிக் குமிழ் இரவில் வானத்துக்கு வெப்பத்தை இழப்பதால், கருவி பூஜ்யத்துக்குக் கீழே சதுர மீட்டருக்குச் சில வாட் காட்டும். அது பழுதல்ல, பூஜ்யமாகத் திருத்தினால் போதும். குமிழில் படியும் தூசியும் பறவை எச்சமும்தான் தொல்லை. வெயில் அடிக்கும்போதே மேகம் மூடியதாக அவை கணக்குக் காட்டிவிடும். குமிழைத் தவறாமல் துடைக்கும் தொழிலாளி இல்லாத நிலையத்தில் எந்த மாதிரியும் தேறாது. ஆய்வேடுகளின் நன்றியுரையில்கூட அவர் பெரும்பாலும் வருவதில்லை.

மின்கட்டமைப்பின் உத்தரவுப்படி உற்பத்தியைக் குறைத்த மணிநேரங்கள் இன்னொரு சிக்கல். வெயில் இருக்கும், மின்சாரம் இருக்காது. எண்களை மட்டும் பார்க்கும் மாதிரி இதிலிருந்து தப்பான பாடம் கற்கும். அந்த நேரங்களைப் பிரித்தெடுக்கக் கட்டுப்பாட்டு அறைப் பணியாளரின் பதிவேடு வேண்டும்.

எவ்வளவு முன்னால் சொல்லவேண்டும் என்பதைப் பொறுத்து மூலத் தரவு மாறும். சில நிமிடங்களுக்கு வானத்தைப் படமெடுக்கும் அகலக் கோணக் கேமரா, சில மணிநேரத்துக்கு இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் மேகப் படங்கள், மறுநாளுக்கு வானிலை மாதிரிகளின் கணிப்பு. கற்றல் முறைகளில் ரேண்டம் ஃபாரஸ்ட்டும், 1997இல் ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் வெளியிட்ட எல்எஸ்டிஎம் நரம்பு வலையும் பரவலானவை.

மாதிரியின் தரத்தை அளப்பதில் ஏமாற இடமுண்டு. இரவையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிழை அழகாகச் சுருங்கிவிடும். இரவில் உற்பத்தி இல்லை என்று சொல்லக் கணினி தேவையில்லை. தரவைச் சீட்டுக் குலுக்குவதுபோலக் கலந்து பிரித்தால், சோதனைக்கு வைத்த கால்மணி நேரத்தின் முன்னும் பின்னும் பயிற்சியிலேயே வந்துவிடும். முந்தைய காலத்தில் பழக்கிப் பிந்தைய காலத்தில் சோதிப்பதே முறை. வானம் இப்போதிருப்பது போலவே நீடிக்கும் என்ற எளிய கணிப்பையாவது மாதிரி வெல்லவேண்டும். கமுதிப் பகுதியில் அந்தச் சோதனையை வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களுக்குத் தனியாகவும் நடத்திப் பார்க்கவேண்டும்.