கண்டக்குழியிற் கேட்ட பனிநாட்டு ஓசை

புத்தளம் நகருக்கு மேற்கே, ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலமே கற்பிட்டிக் குடாநாடு. ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டையினால் அதன் பெயரைப் பலரும் அறிவர். அக்கோட்டைக்கு அண்மையில், கடலைப் பார்த்தபடி இருக்கும் கடற்றொழிலாளர் ஊர் கண்டக்குழி. 1992ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்ட பவளப்பாறைத் தொடர் இக்கரைக்கு அப்பாலேதான் உள்ளது.

நாம் சென்றது தை மாதம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் சீறும் கடல், அப்போது குளம்போல் அடங்கிக் கிடந்தது. ஓங்கில் எனப்படும் டொல்பின்கள் கூட்டங் கூட்டமாகத் துள்ளும் காட்சியைக் காணவே நாம் போயிருந்தோம். ஆனால் எம் மனத்தில் நிலைத்து நின்றது வேறொன்று.

விடியற்காலம் மூன்று மணி. எம்மை விருந்தினராக ஏற்ற பெரியவர் கடலுக்குப் புறப்படும் ஆயத்தத்தில் இருந்தார். நொறுக்கிய ஐஸ் பெட்டிக்குள் விழும் சலசலப்பும், கரையில் ஒருவர் வெளியிணைப்பு இயந்திரத்தை முடுக்கிப் பார்க்கும் உறுமலும் கேட்டன. அவ்வேளை பெரியவரின் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் நோர்வேயில் வாழும் அவர் மகள். அங்கே முதல்நாள் இரவு பத்தரை மணி.

நோர்வே தமிழருக்குப் புதிய நாடன்று. 1956ஆம் ஆண்டில் அங்கு சென்ற யாழ்ப்பாணத்து அன்ரனி இராஜேந்திரம், அந்நாட்டவரின் உதவியுடன் 'சீ-நோர்' என்னும் மீன்பிடித் தொழில் நிறுவனத்தை யாழ்ப்பாணத்தில் உருவாக்கினார். பின்னர் 1980களில், வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளிற் தமிழர் பலர் பணிபுரிந்தனர். ஆயினும் இப்பெண்ணுக்கு அதுவே முதல் மாரிகாலம். கணவர் இரவு வேலைக்குப் போய்விட்டார். கையிலோ சில மாதக் குழந்தை.

"அப்பா, வீட்டைச் சூடாக்குற மெசின் வெளியில பாம்பு மாதிரிச் சீறுது. புகையும் வருது. பயத்தில நிப்பாட்டிப் போட்டன். வீடு குளிருது" என்றார் அவர்.

பெரியவர் பதறவில்லை. மெல்ல வினாவினார். "சீறின பிறகு தண்ணி வடியுதா? கொஞ்ச நேரத்தில பழையபடி ஓடுதா?" ஆம் என்று விடை வந்தது.

"அப்ப பயப்படாதே மகள். எங்கட ஐஸ் பெட்டியில பனி பிடிக்குமே, அதுதான். மெசின் தானே பனியைக் கரைக்குது. திரும்பப் போடு. இரும்போடு இரும்பு உரசுற சத்தம் கேட்டால் மட்டும் நிப்பாட்டிப் போட்டு, திருத்துற ஆளைக் கூப்பிடு."

அவர் சொன்னது முற்றிலும் சரி. வெப்பப் பம்பி எனப்படும் அவ்வியந்திரம், எம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உடன்பிறப்பு. பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. பம்பியோ வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொணர்கிறது. உறைபனிக் காற்றிலும் வெப்பம் ஓரளவு உண்டு. அதனை ஈர்ப்பதற்காக, வெளியே உள்ள குழாய்ச் சுருள் காற்றிலும் அதிகமாகக் குளிர்ந்திருக்கும். ஆகவே காற்றின் ஈரம் அதன்மேற் பனியாகப் படிகிறது. கடுங்குளிரிற் காற்று வறண்டிருப்பதால் இத்தொல்லை குறைவு. பூச்சியப் பாகையை ஒட்டிய ஈரக்குளிரிலேதான் அதிகம்.

பனி தடித்துக் காற்றோட்டத்தை மறித்தால், இயந்திரம் தன் போக்கைச் சில நிமிடங்களுக்குத் திருப்பிக்கொள்கிறது. வால்வு புரளும்போது 'உஸ்' என்ற சீற்றம் எழும், விசிறி நிற்கும், சூடான வாயு சுருளுக்குட் பாயும், பனி உருகி நீராய் வடியும். எழுவது புகையன்று, நீராவி. ஆனால் விசிறி பனிக்கட்டியில் மோதும் ஓசையோ, ஓயாத உரசலோ, கரையாமல் வளரும் பனியோ பழுதின் அடையாளம்; அப்போது திருத்துநரை அழைத்தல் வேண்டும்.

"இவற்றையெல்லாம் எங்கே கற்றீர்கள்?" என வியந்து கேட்டோம். பெரியவர் சிரித்தார். "நடுக்கடலில மெசின் சத்தத்தைக் கேட்டுத்தானே, கரைக்கு வருவமா மாட்டமா எண்டு அறியிறது!"

படகு இருளில் மறைந்தது. வீட்டம்மா தொலைபேசியை மடியில் வைத்தபடி வாசலிலேயே அமர்ந்திருந்தார். கிழக்கு வெளுத்த நேரத்தில் மகள் மீண்டும் அழைத்தார். இயந்திரம் இரண்டு முறை சீறி அடங்கிற்றாம், வீடு சூடாகிவிட்டதாம், குழந்தை உறங்குகிறதாம். அம்மையார் அதன் பின்னரே எழுந்து எமக்குத் தேநீர் தந்தார்.