மைக் செட் காலமும் டீஜே காலமும்

போன மாசம் எங்க ஊர் முத்தாலம்மன் கோயில் பொங்கல் முடிஞ்சது. வழக்கமா இங்க விதை, உரம், மாடு, மழைன்னு எழுதுறவன் இந்தத் தடவை பாட்டைப் பத்தி எழுதப் போறேன். மனசுல ரொம்ப நாளா கிடக்கிற ஒரு விஷயம் இருக்கு. அதையும் எழுதிடலாம்னு பார்க்கிறேன்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு டீஜே வைத்திருந்தார்கள். ஒரு லோடு வண்டி நிறைய கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். ராத்திரி எட்டரை மணிக்கு முதல் அடி விழுந்தது. எங்க வீட்டு மாட்டுக்கொட்டத்துத் தகரம் கிடுகிடுன்னு ஆடிச்சு. சினையா இருந்த பசு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கிட்டு வயக்காட்டுப் பக்கம் ஓடிருச்சு. எங்க அம்மாவுக்கு எண்பது வயசு தாண்டிருச்சு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, "என்னடா இது, பாட்டு காதுல கேக்கல, வயித்துல கேக்குது"ன்னு சொல்லுச்சு. அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் கிணத்து மேட்டு மோட்டார் ரூமில் படுக்க வச்சுட்டு, டார்ச் லைட் எடுத்துக்கிட்டு மாட்டைத் தேடிப் போனேன்.

அந்த டீஜே வேற யாருமில்லை, என் தம்பி மகன்தான். மறுநாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்துபோய் வந்து நின்றான். "பெரியப்பா, மாடு கிடைச்சிருச்சா?" என்றான்.

"மாடு கிடக்கட்டும். அந்தப் பெட்டியைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் திருப்பி வச்சா என்னடா?"

"திருப்பி வச்சாலும் ஒண்ணுதான் பெரியப்பா. பேஸ் சத்தத்துக்குத் திசை கிடையாது. குழாய் ஸ்பீக்கர்தான் வாய் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் அடிக்கும். பேஸ் சுவரைத் தாண்டி எல்லாப் பக்கமும் போகும். உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் அந்தக் காலத்து டீஜேவாச்சே."

சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கு அன்னைக்கு முழுக்க வேலை ஓடலை.

அவன் சொன்னது சரிதான். 1984 கடைசியில் இருந்து 1987 வரைக்கும் நான் மைக் செட்டில் எடுபிடியாக இருந்தவன். பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் செட் வைத்திருந்தார். அவருக்கு ஊர் வைத்த பேர் ரேடியோ அண்ணன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வேன். மூன்று வேளை சாப்பாடு, விசேஷம் முடிந்தால் கையில் அஞ்சு ரூபாய். அதைவிட, கல்யாண வீட்டில் ரெக்கார்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கௌரவம்! மாப்பிள்ளைக்குக்கூட அது கிடையாது.

நகரத்தில் வளர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மைக் செட் என்றால் ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு மைக், நாலு குழாய், கட்டுக்கட்டாக வயர். கரண்ட் இல்லாத இடத்துக்கு 12 வோல்ட் பேட்டரி. வந்ததும் முதல் வேலை, உயரமான புளிய மரத்திலோ தென்னையிலோ ஏறிக் குழாயைக் கட்டுவது. அதுதான் என் வேலை. குழாயை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு மேலே போனால் நாலு ஊர் தெரியும். கீழே இருந்து அண்ணன் கையைக் காட்டுவார், அந்தப் பக்கம் வாயைத் திருப்ப வேண்டும்.

பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. காலையில் முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. அப்புறம் டி.எம்.எஸ். முருகன் பாட்டு. ஆடி மாசம் என்றால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. சாமி பாட்டு முடிந்த பிறகுதான் சினிமா பாட்டு. அதிலும் முதலில் பழசு, வெயில் ஏற ஏறத்தான் இளையராஜா. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு வசனம் ஓடும். திருவிளையாடல் வசனம் எங்க ஊர்க் கிழவிகளுக்கெல்லாம் மனப்பாடம். 1984-ல் விதி படம் வந்ததும் அதோட கோர்ட் வசனம் கேசட்டில் வந்தது. அதைப் போடாத கல்யாண வீடு கிடையாது. தாலி கட்டுகிற வீட்டில் கோர்ட் கேஸைப் போடுகிறோமே என்று ஒருத்தருக்கும் தோணலை.

ரெக்கார்டை நாங்கள் பிளேட்டு என்போம். எல்பி 33, இபி 45, அதுக்கு முந்தைய அரக்குத் தட்டு 78. ஒரு நிமிஷத்துக்கு அத்தனை சுத்து. வேகத்தை மாற்றி வைத்துவிட்டால் சௌந்தரராஜன் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிடும், சனம் கைகொட்டிச் சிரிக்கும். கீறல் விழுந்த பிளேட்டில் முள் மாட்டிக்கொண்டால் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வரும். முள் குதிக்காமல் இருக்க அதன் தலையில் காலணா வைப்பார் அண்ணன். வெயிலில் வைத்தால் பிளேட்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும் என்று பெட்டி மேலே ஈரச் சாக்குப் போட்டு வைப்போம்.

எங்களிடம் ஒரு பிளேயர்தான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது போடுவதற்குள் இடைவெளி விழும். அதை மைக்கில் பேசி நிரப்ப வேண்டும். மொய் எழுதியவர் பேரும் தொகையும் அப்போதுதான் வாசிப்போம். காணாமல் போன பிள்ளை மேடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும், இப்படியும் சொல்வோம். இளவட்டங்கள் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுப்பார்கள். எந்தப் பாட்டு யாருக்காக என்பது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். அப்படி இரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது, ஒரு அடிதடியும் நடந்திருக்கிறது.

வயலில் களை எடுக்கிற பெண்கள் காற்றில் வருகிற பாட்டை வைத்தே சொல்வார்கள், மேற்கே சடங்கு வீடு, தெற்கே கோயில் விசேஷம் என்று. அண்ணன் போடுகிற வரிசை எல்லாருக்கும் பழக்கம். வசனம் ஆரம்பித்துவிட்டால் சோத்துச் சட்டியைத் திறந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் தம்பி மகனிடம் சொன்னபோது அவன் ஒரு கதை சொன்னான். ஜமைக்கா தீவில் கிங்ஸ்டன் என்ற ஊரில் 1950-கள்லயே வண்டியில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டுபோய்த் தெருவில் வைத்து ரெக்கார்டு போடுவார்களாம். எதிர் செட்டுக்காரன் கண்டுபிடிக்கக்கூடாது என்று பிளேட்டு மேலே இருக்கிற லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்களாம். அந்த ஊரில் பிறந்த பையன் ஒருத்தன், கூல் ஹெர்க் என்று பேர், 1967-ல் அமெரிக்கா போனான். 1973 ஆகஸ்டில் நியூயார்க் பிராங்ஸ் பகுதியில் தங்கச்சி நடத்திய ஒரு விருந்தில் பாட்டுப் போட்டான். ஒரே பாட்டின் இரண்டு பிளேட்டை இரண்டு பிளேயரில் வைத்து, சனம் ஆடுகிற தாளத்தை மட்டும் மாற்றி மாற்றி நீட்டினான். ஹிப் ஹாப் அங்கிருந்து வந்தது என்று சொல்கிறார்களாம். எனக்கு அந்த ஊர்ப் பாட்டு ஒன்றும் புரியாது. ஆனால் லேபிளைச் சுரண்டுகிற ஆள் எனக்குத் தெரிந்த ஆள்தான். ரேடியோ அண்ணனும் புதுப் பிளேட்டின் உறையை நியூஸ் பேப்பரால் மூடித்தான் வைப்பார்.

கேசட் வந்ததும் வேலை சுலபமானது. மதுரைக்குப் போய் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்டைக் கொடுத்தால் அறுபது நிமிஷக் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். பாட்டும் மாறிக்கொண்டே வந்தது. ரோஜா, காதலன் வந்த பிறகு சனம் குழாயை விட்டுவிட்டுப் 'பாக்ஸ்' கேட்க ஆரம்பித்தார்கள். குழாயில் குரல் மைல் கணக்காகப் போகும், நாதஸ்வரம் போகும். அடிச் சத்தம் வராது. ரகுமான் பாட்டில் பாதி அடியில்தானே இருக்கு?

இதுவரைக்கும் எழுதியது எல்லாரும் எழுதுகிற மாதிரிதான். 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று இதோடு நிறுத்தினால் எனக்கும் நிம்மதி. ஆனால் தம்பி மகன் குழாயின் திசையைப் பற்றிச் சொன்னதிலிருந்து அந்த 1987 பங்குனி மாசமே கண்ணுக்குள் நிற்கிறது.

எங்க ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். கோயில் திருவிழாவுக்கு நாலு குழாய் கட்டுவோம். ஒன்றுகூட வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாய் பார்க்காது. யாரும் சட்டம் போடவில்லை. கட்டும்போதே அப்படித்தான் கட்டுவோம். சத்தம் லேசாகப் போய்க் கேட்கும், அவ்வளவுதான். அந்த வருஷம் ரேடியோ அண்ணன் ஐந்தாவது குழாய் ஒன்று வைத்திருந்தார். என்ன நினைத்தாரோ, சாயங்காலம் வாய்க்கால் மேலே வயரை இழுத்து, காலனி முகப்பில் இருக்கிற வேப்ப மரத்தில் அதைக் கட்டச் சொன்னார். கட்டினேன்.

ராத்திரி, முந்தின வருஷம் வந்த விக்ரம் படத்துப் பாட்டைப் போட்டோம். எலக்ட்ரானிக் சத்தமெல்லாம் வைத்து இளையராஜா போட்ட பாட்டு. அந்தப் பக்கம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பிள்ளைகளும் பெண்களுமாய் ஆடுகிறது எங்க பக்கத்திலிருந்தே தெரிந்தது. கோயில் கமிட்டிக்காரர் ஒருத்தர் பார்த்துவிட்டார். அண்ணனிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார். "யாரைக் கேட்டுடா அங்க குழாய் கட்டின? போய் அறுத்துவிட்டு வா."

எனக்கு 18 வயசு. ஏன் என்று கேட்கவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றும் தோணவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் ஓரத்தில் வயரை வெட்டினேன். பாட்டு சட்டென்று நின்றது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கையைத் தூக்கினது தூக்கினபடி நின்றார்கள். கூட்டத்திலிருந்து என்கூடப் பத்தாவது படித்தவன் ஒருத்தன் ஓடி வந்தான். "என்னடா, கரண்டு போயிருச்சா?" என்றான்.

"யூனிட் எரிஞ்சு போச்சுடா" என்றேன்.

திரும்பி வந்தால் அண்ணன் என் கையில் இருந்த பிளேயரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. விடிய விடியப் பாட்டுப் போட்டார். காலையில் வயரைச் சுருட்டினார், என் காசைக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்க ஊர் விசேஷம் எதற்கும் அவர் வரவில்லை. நானும் அவரைத் தேடிப் போகவில்லை. அவர் இறந்து வருஷமாச்சு.

போன வாரம் அந்தக் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். அவனும் என்னை மாதிரிதான், கொஞ்சம் நிலம், இரண்டு ஆடு. அவன் பேரன் இப்போது எங்க தம்பி மகனோட டீஜே வண்டியில் லைட் போடுகிறான். திருவிழா ராத்திரி வண்டி முன்னால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஆடியதை நானே பார்த்தேன். அதுக்காக எல்லாம் மாறிப்போச்சு என்று எழுத மாட்டேன். சாமி ஊர்வலம் இன்னைக்கும் வாய்க்காலோடு திரும்பிவிடுகிறது.

டீ குடித்துக்கொண்டே சொன்னேன். "ஏப்பா, 87-ல அன்னைக்கு யூனிட் எரியலப்பா. நான்தான் வயரை வெட்டினேன்."

அவன் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னான், "தெரியுமே. காலைல வாய்க்கால்ல குளிக்கப் போனப்ப வெட்டுன நுனியப் பார்த்தேன்."

"பிறகு ஏம்ப்பா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப?"

எனக்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, "சினை மாடு ஓடிருச்சாமே, சேதாரம் ஒண்ணுமில்லையே?" என்று பேச்சை மாற்றினான்.

டீஜே சத்தம் எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-லேயே விதி வந்தாச்சு, அடுத்த வருஷம் பத்துக்கு நிறுத்தலைன்னா நானே வந்து பிளக்கைப் பிடுங்குவேன் என்று தம்பி மகனிடம் சொல்லியிருக்கிறேன். பிளக்கைப் பிடுங்குறேன்னு சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவனுக்கு அது புரிந்திருக்காது.

பசு நேற்று விடியக்காலம் கன்னு போட்டுருச்சு, கிடேரி. தாயும் கன்னும் நல்லா இருக்கு. டீஜேன்னு பேர் வைக்கச் சொன்னான் தம்பி மகன். அம்மா விளக்கமாத்தைத் தூக்கிருச்சு.