அறுபதுக்கு மேல் சைக்கிள் உடை

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்த அப்பாக்களின் பிள்ளைகள் நாங்கள். ஆபீஸ் போகிறவர் பேண்ட்டின் கால்முனையை ஒரு கிளிப்பில் செருகிக்கொள்வார். செயினில் மாட்டாமல் இருக்க அது போதும். தபால்காரர் காக்கியில் வந்தார், பால்காரர் லுங்கியில் வந்தார். டீச்சரம்மாக்களின் லேடீஸ் சைக்கிளில், புடவை சிக்காதபடி பின்சக்கரத்துக்கு வலை கட்டியிருக்கும். சைக்கிளுக்கென்று தனி உடை வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வண்டிகளில் நிமிர்ந்து உட்காரலாம். சீட் அகலம், அடியில் ஸ்பிரிங். போகிற தூரமும் பெரும்பாலும் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ரயில் நிலையம் வரைதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பும் வண்டிகள் வேறு. சீட் ஒடுங்கியது, ஹேண்டில்பார் தாழ்ந்தது. முன்னால் குனிந்தபடி மாமல்லபுரம் போய்த் திரும்பினால் 80 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதிப்பவரின் தொடை, ஒரு மணி நேரத்தில் 4,200 முறை சீட்டின் ஓரத்தில் உரசும். நடுவில் ஜீன்ஸின் தடித்த தையலோ உள்ளாடையின் ஓரமோ இருந்தால் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டும்போதே தோல் எரியத் தொடங்கிவிடும். பேட் வைத்த இறுக்கமான ஷார்ட்ஸ் இந்த எரிச்சலுக்கான மருந்து. அதை உள்ளாடை இல்லாமல்தான் போட வேண்டும். கடையில் இதைச் சொல்லித் தரக் கூச்சப்படுகிறார்கள். கேட்கவும் நாம் கூச்சப்படுகிறோம்.

ஐரோப்பியப் பந்தய வீரர்கள் ஒரு காலத்தில் கம்பளியில் பின்னிய ஷார்ட்ஸ்தான் போட்டார்கள். உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் தைத்திருக்கும். துவைத்தால் அது காய்ந்து விறைத்துவிடும். மறுபடி களிம்பு தடவிப் பதப்படுத்த வேண்டும். கறுப்பு நிறம் செயின் எண்ணெயையும் தோல் சீட்டின் சாயத்தையும் மறைத்தது. 1958இல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் ஒரு நீளும் இழையைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்று பெயர்பெற்ற அந்த இழை, 1970களில் சைக்கிள் ஷார்ட்ஸுக்கு வந்தது. உரசலோடு மல்லாடியவர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடிக் கண்ட உடை இது. உடம்பைக் காட்டுவதற்காகப் பிறந்ததல்ல.

ஆனால் பார்க்கிறவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?" என்ற கேள்வி லிஃப்டிலும் வரும், டீக்கடையிலும் வரும். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவர், அடுக்ககத்தில் யாரோ சிரித்ததற்காக வண்டியைப் பால்கனியில் நிறுத்திவிட்டார். அவருக்கு நீரிழிவு. மருத்துவரே சைக்கிள் ஓட்டச் சொல்லியிருந்தார். ஒரு சிரிப்புக்கு இவ்வளவு சக்தி இருப்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

என்னைக் கேட்டால், இந்த உடை இளைஞரைவிட முதியவருக்கே அதிகம் தேவை. வயதாக ஆகத் தோல் மெலிகிறது. புண் வந்தால் ஆறுவது தாமதம். நீரிழிவு உள்ளவருக்கு உட்காரும் இடத்தில் ஒரு சின்னக் கொப்புளம்கூடச் சின்ன விஷயமல்ல. வீடு திரும்பியதும் ஷார்ட்ஸைக் கழற்றித் துவைத்து, பேட் வெளிப்பக்கம் தெரியும்படி வெயிலில் காயப்போடுவதை நான் மாத்திரை சாப்பிடுவது போலத் தவறாமல் செய்கிறேன்.

கூச்சத்துக்கும் வழி இருக்கிறது. பேட் ஷார்ட்ஸின் மேல் தளர்வான அரை டிரவுசர் ஒன்றைப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. எங்களோடு வரும் ஓர் அக்கா பேட் ஷார்ட்ஸின் மேல் சல்வாரும் முழங்கால் வரை குர்தாவும் போடுவார். டயருக்குக் காற்றடிக்கும் பையன்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டியவர் லைக்ராவோடேயே போகட்டும். பிரான்ஸின் ராபர் மார்ஷான் 2017 ஜனவரியில், தன் 105ஆவது வயதில், மஞ்சளும் ஊதாவுமான ஜெர்சியில் ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். அரங்கம் எழுந்து கைதட்டியது.

பெண்களைப் பற்றிப் பேசும்போது புதுக்கோட்டை நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினார்கள். உடை அதே புடவை, அதே தாவணி. கேட்ட ஏச்சும் கொஞ்சமல்ல. அன்று இருபதுகளின் இறுதியில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தொட்டுவிட்டார்கள். எந்த உடையில் ஓட்டினாலும் ஏசுகிறவர் ஏசத்தான் செய்வார் என்பதை அவர்கள் நமக்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

இறுக்கம், தளர்வு எல்லாம் அவரவர் விருப்பம். வெளிச்சம் அப்படியல்ல, இதில் நான் பிடிவாதக்காரன். கண்ணைப் பறிக்கும் பச்சை ஜெர்சி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சாயம் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் ஒளிர்கிறது. விடியற்காலை நாலரை மணி இருட்டில், லாரி விளக்கின் முன் அது பெரிதாக உதவாது. அப்போது வேண்டியது, விழுந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பும் பட்டை. அதையும் முதுகில் மட்டும் ஒட்டாமல் கணுக்காலில் கட்ட வேண்டும். மேலும் கீழுமாகச் சுழலும் இரண்டு வெளிச்சங்களைக் கண்டதும், அங்கே போவது ஒரு மனிதர் என்று ஓட்டுநரின் மூளை சட்டென்று புரிந்துகொள்கிறது. ஆஸ்திரேலியாவில் செய்த சோதனைகள் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. முன்பு ஆபீஸ் போனவர்கள் கிளிப் மாட்டிய அதே இடம்தான்.

ஹெல்மெட்டில் விவாதமே இல்லை. பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூவை மட்டும் நான் வேண்டாம் என்பேன். சிக்னலில் காலை விடுவிக்க ஒரு நொடி தாமதித்தாலும் வண்டியோடு சாய வேண்டியதுதான். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடக்க மாதங்கள் ஆகும். பந்தயக்காரர்களுக்கான மிக ஒட்டிய ஜெர்சியும் தேவையில்லை. முதுகில் மூன்று பை உள்ள, ஓரளவு தளர்ந்த ஜெர்சி நல்லது. ஒரு பையில் தண்ணீர் அவசியம் இருக்கட்டும். வயது கூடக் கூடத் தாக உணர்வு மங்கும். உடம்பு கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. வெயில் ஏறுமுன் கைக்கு உறை, கழுத்தை மூடும் துணி. பருத்திப் பனியன் சென்னைப் புழுக்கத்தில் ஊறி உடம்போடு ஒட்டிக் கனக்கும். பாலியெஸ்டர் சீக்கிரம் உலரும்.

உங்கள் வீட்டில் அறுபதைக் கடந்த அப்பாவோ அம்மாவோ சைக்கிளை வெளியே எடுத்தால், தயவுசெய்து உடையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அடுத்த பிறந்தநாளுக்குச் சட்டைத்துணியும் புடவையும் வேண்டாம். ஒரு நல்ல பேட் ஷார்ட்ஸும், கணுக்காலுக்கு இரண்டு ஒளிப்பட்டைகளும் வாங்கிக் கொடுங்கள்.