லைனிங் வேண்டாம்

மல் துணி வெட்டும்போது ஃபேனை நிறுத்த வேண்டும். சித்திரை மாசம், மத்தியானம், ஃபேனை நிறுத்திவிட்டு வெயிலுக்கான சட்டை.

ஓரத்தில் சொம்பு, இஸ்திரிப் பெட்டி என்று எதையாவது வைத்துப் பார்க்கலாம். நடுவில் எழும்பும்.

கஞ்சி போட்டு வெட்டுவது உத்தமம். துணி விறைத்து நிற்கும், சாக்பீஸ் கோடும் ஒழுங்காக விழும். தைத்து முடித்துத் துவைத்தால் கஞ்சி போய்விடும்.

அதற்கும் முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வேண்டும். பருத்தி சுருங்குகிறது என்று பருத்தியைத்தான் திட்டுகிறோம். தறியிலும் சாயப்பட்டறையிலும் இழுத்துப் பிடித்து வைத்த நூல், தண்ணீர் பட்டதும் தன் நிலைக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான்.

கல் உப்பு போட்டு அலசினால் சாயம் நிற்கும் என்பார்கள். போகிற சாயம் போகத்தான் செய்கிறது.

ரவிக்கைத் துணிக் கடை. சுவர் முழுக்க டூ பை டூ. பாவிலும் ஊடையிலும் இரட்டைப் புரி நூல்.

சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வாசலுக்கு வந்து வந்து போகிறார்கள். ட்யூப்லைட்டில் ஒரு பச்சை, வெயிலில் வேறு பச்சை. கோடையில் இந்தக் கலர் பார்க்கும் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. யாரும் வாசலில் நிற்பதில்லை.

தையல்காரரிடம்: “அண்ணே, லைனிங் வேணாம்.”

“லைனிங் இல்லாம ஃபிட்டிங் நிக்காதுக்கா.”

“வெயிலுக்குத்தானே தைக்கிறேன்.”

“அது சரிதான்க்கா. ஆனா ஃபிட்டிங் நிக்காது.”

மேலே நல்ல பருத்தி. உள்ளே லைனிங் என்று வருவது பல நேரம் பாலியெஸ்டர் கலந்தது. விலை கொடுத்த துணி ஊரார் பக்கம், மலிவானது உடம்புப் பக்கம்.

காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருந்தால் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை.

ஆனால் நனைந்த பருத்தி லேசில் காயாது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் முதுகுப் பக்கம் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் நடக்கிறார்கள்.

பிறந்த குழந்தைக்கு ஜப்லா.

புதுத் துணி ஆகாது. பழைய வேட்டிதான். எத்தனை துவைப்பு கண்டதோ அத்தனை நல்லது. தாத்தா வேட்டியாக இருந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள் எங்கள் பக்கம். கெட்டியோ இல்லையோ, மெத்து.

நாலாக மடித்து ஒரே வெட்டு. உடம்பும் கையும் சேர்ந்தே வரும். கையைத் தனியாக வெட்டிப் பொருத்துவது கிடையாது. பக்கவாட்டில் ஒரு தையல், அது அப்படியே கைக்கு அடியில் ஏறிப் போகும். முதுகுப் பக்கம் திறப்பு.

பொத்தான் இல்லை. கொக்கி இல்லை. நாடா.

படுத்தே கிடக்கிற பிள்ளைக்கு நாடா முடிச்சும் அழுத்தும்தானே அத்தை என்று கேட்டேன். “கழுத்தோரமா ஒதுக்கிக் கட்டுடி” என்றார் அத்தை.

தையலின் பிசிறு வெளிப்பக்கம் வரவேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சட்டையை மாற்றிப் போட்டாற்போல் இருக்கும். மாமியார் வீட்டிலிருந்து பார்க்க வந்த யாராவது நிச்சயம் சொல்வார்கள்.

வேட்டிக் கரையைக் கிழித்து நாடாவாக்கிவிடலாம். மிச்சம் விழாது.

நூல் நம்பர். 840 கஜம் ஒரு கழி. ஒரு ராத்தல் எடையில் எத்தனை கழியோ அதுதான் நம்பர். 80ஆம் நம்பர் நூல் ஒரு ராத்தலை ஒரே இழையாக இழுத்தால் 61 கிலோமீட்டர் வரும். மதுரையில் பிடித்தால் கிட்டத்தட்ட திண்டுக்கல்.

அவ்வளவு மெல்லிய நூலில் நெய்த துணியை 16ஆம் நம்பர் ஊசியில் தைக்கிறார்கள். தையலைப் பிரித்தால் ஓட்டை வரிசை. 11 போடுங்கள் அண்ணே என்றால், “ஊசி ஒடஞ்சுரும்க்கா.” அடுத்த ஆர்டர் ஜீன்ஸுக்குக் கால் மடிப்பது. அவருக்கும் நியாயம் இருக்கிறது.

புது மண்டபம். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. வசந்த மண்டபம் என்றும் பெயர். கோடைத் திருவிழாவுக்கு சாமி வந்து இளைப்பாற. குளிர்ச்சிக்காகச் சுற்றிலும் தண்ணீர் நிற்க வைக்கத் தொட்டி மாதிரி அமைப்பு.

பிற்காலத்தில் அங்கே உட்கார்ந்தவர்கள் தையல்காரர்கள். தூணுக்குத் தூண் மிஷின். யாளிக்குக் கீழே பாவாடை தொங்கும். நாயக்கர் சிலைப் பக்கத்தில் ஓவர்லாக் சத்தம். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான். ஆனாலும் அந்த இருட்டில் அளவு கொடுத்துவிட்டுக் கல் தரையில் உட்கார்ந்திருந்தால் முதுகு சில்லிடும். கட்டினவர் எண்ணியதும் அதைத்தானே.

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் அந்தத் தையல்காரர்களுக்குக் கை ஓயாது. அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடுப்பு. சல்லடம், மேல்சட்டை, தலையில் உருமால். வெல்வெட். சிவப்பு, பச்சை, கருநீலம். ஓரமெல்லாம் ஜிகினா, மணி, கண்ணாடி.

சித்திரை வெயிலில் வெல்வெட்.

தோற்பையில் தண்ணீரைக் கட்டி, குழாய் வைத்துப் பீய்ச்சுகிறார்கள். நனைகிறது சாமி மட்டுமில்லை. வெல்வெட் தண்ணீர் குடித்தால் என்ன கனம் கனக்கும்.

அளவு எடுப்பதையும் கவனித்தேன். ரவிக்கைக்கு இஞ்ச் இஞ்சாக டேப் வைக்கிறவர், இந்த உடுப்புக்கு ஆளை ஒரு பார்வை பார்ப்பார். சின்னது, நடுத்தரம், பெரியது. இடுப்பில் நாடா இருக்கிறது, இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். ஃபிட்டிங் பேச்சே எழுவதில்லை.

சில உடுப்புகள் அப்பன் போட்டது, இப்போது மகன் போடுகிறான். அக்குள் மட்டும் புதுத் துண்டு.

அக்குள். பழைய ஜிப்பாக்களில் அங்கே ஒரு சதுரத் துண்டு இருக்கும், மூலைவாட்டில் வைத்துத் தைத்தது. கையைத் தூக்கினால் சட்டை கூடவே ஏறாது. வியர்வையில் முதலில் இற்றுப்போவதும் அந்த இடம்தான். துண்டை மட்டும் மாற்றினால் போதும். ரெடிமேடில் அதை விட்டுவிட்டார்கள். ஒரு துண்டு, நாலு பக்கத் தையல், நேரம்.

மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22. காந்தி சட்டையை விட்டு நாலு முழத்துக்கு மாறியது இங்கே ஒரு வீட்டு மாடியில். கீழே இப்போது காதிக் கடை. சட்டை வாங்கலாம்.

சுங்குடி. சௌராஷ்டிரர்கள் கொண்டுவந்த கைவேலை. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் கட்டி, சாயத்தில் முக்குவது. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெருவில் விற்பதில் பெரும்பாலும் மெழுகு அச்சு. கட்டிப் போட்டதை அவிழ்த்தால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் புடைத்திருக்கும். உள்ளங்கையால் தடவினால் தெரியும். அச்சுத் துணி வழவழவென்று கிடக்கும்.

பழைய சுங்குடிதான் நைட்டி ஆகிறது. முந்தானை கை ஆகிவிடும்.

பனியன் துணி. திருப்பூரிலிருந்து வெட்டுத்துண்டு வாங்கிவந்து வீட்டில் தைத்துப் பார்த்தால் தெரியும். மேலும் கீழும் வெட்டின ஓரம் முன்பக்கமாகச் சுருளும். பக்கவாட்டு ஓரம் பின்பக்கமாகச் சுருளும். ஒரே துணி. இஸ்திரி போட்டாலும் திரும்பச் சுருளும். வளையங்களின் இழுவிசை முன்னே ஒரு மாதிரி, பின்னே ஒரு மாதிரி.

சாதாரண ஊசி நூலை அறுத்துவிடும். முனை மழுங்கின ஊசி வேண்டும், வளையத்தை விலக்கிக்கொண்டு போக.

பருத்தி நூலில் கையால் பின்னின மேல்சட்டை. கம்பளி மாதிரி திரும்பிச் சுருங்கிக்கொள்ளாது. துவைத்துக் கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் முட்டிவரை இறங்கும். பாயில் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

லேஸ். நாகர்கோவிலில் லண்டன் மிஷன். அங்கிருந்த பாதிரியார் மால்ட் துரையின் மனைவி 1820களில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர் மகள் எலிசா, கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடப் போனது. திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றின கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது.

தேரிக்காட்டு வெயில். வெள்ளை நூல். வியர்த்த கை. கறை படாமல் எப்படி முடித்தார்கள்.

அதே காலத்தில், யார் மேலே துணி போடலாம், போடக்கூடாது என்று நாகர்கோவில் பக்கம் தோள்சீலைக் கலகம் நடந்துகொண்டிருந்தது. லேஸ் வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்.

பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் மே மாசமே வந்துவிடும். டெரிகாட்டன். “வளர்ற பிள்ளைண்ணே, மடிச்சு விடுங்க.” மூணு இஞ்ச் உள்மடிப்பு. முழங்காலுக்குக் கீழே துணி இரட்டை. ஜூனில் பள்ளி திறந்து ஒரு வாரத்துக்குக் கால்சட்டையின் ஓரத்தில்தான் பையன்கள் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

மிஷினின் தோல் பெல்ட் தொய்ந்துவிட்டது. மிதித்தால் சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையமாட்டேன் என்கிறது. அரை இஞ்ச் வெட்டி, ஓட்டை போட்டு, கம்பியை மறுபடி மாட்ட வேண்டும்.

வாங்க: 11ஆம் நம்பர் ஊசி. வெள்ளை நூல்கண்டு. கொக்கி ஒரு அட்டை. இரும்புக் கொக்கி வியர்வையில் துருப்பிடித்து ரவிக்கைப் பட்டியில் பழுப்பாக இறங்குகிறது, எதைப் போட்டாலும் போகவில்லை. பித்தளை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் நாடா.