விழுகின்றவனின் பெயர்

எங்கள் ஊரில் மின்சாரம் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரும் ரி.வி.யும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுவார்கள். கதாநாயகன் மாடியில் இருந்து குதித்தால் விசில் பறக்கும். "அது டூப்படா" என்று யாராவது சொல்லிவிட்டால் அவனோடு சண்டைக்குப் போவோம். டூப் என்றால் எங்களுக்குப் பொய். ஆனால் யோசித்துப் பாருங்கள். கதாநாயகன் குதித்ததுதான் பொய். உண்மையாகக் குதித்தவன் அந்த டூப்தான்!

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இப்போது கனடாவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. படம் பார்ப்பதும், படத்தைப் பற்றித் தேடி வாசிப்பதும்தான் எனது பொழுதுபோக்கு. ஹொலிவூட்டில் விழுவதையே தொழிலாகக் கொண்ட ஸ்ரண்ட் தொழிலாளர்களைப் பற்றி வாசித்த சிலவற்றை, புதிதாக வந்திருக்கும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

பேசாப்படக் காலத்தில் சில நடிகர்கள் தாங்களேதான் விழுந்தார்கள். பஸ்ரர் கீற்றன் அவர்களில் பெரியவர். 1928 இல் வந்த 'ஸ்ரீம்போற் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மேல் சரிந்து விழும். மேல்மாடி யன்னலின் திறப்பு அவர் நின்ற இடத்துக்கு நேரே வந்ததால் தப்பினார். கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் ஆள் இல்லை. அதற்கு முன்னர், 1924 இல் 'ஷேர்லொக் ஜூனியர்' படத்தில், புகையிரதத்துக்குத் தண்ணீர் நிரப்பும் குழாயில் தொங்கியவரைத் தண்ணீர் தண்டவாளத்தில் அடித்து விழுத்தியது. தலையிடியோடு தொடர்ந்து நடித்தார். கழுத்து எலும்பு வெடித்திருந்தது பல வருடங்களுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஆட்களின் ஞாபகம்தான் வந்தது. நாரிப்பிடிப்புக்குத் தைலம் பூசிக்கொண்டு ஓவர்ரைம் செய்கின்றவர்கள் எத்தனை பேர்!

அடுத்து வந்தவர் யக்கிமா கனற். இவர் குதிரைப் போட்டிகளில் சம்பியனாக இருந்து சினிமாவுக்கு வந்தவர். 1939 இல் வெளிவந்த 'ஸ்ரேஜ்கோச்' படத்தில், ஓடுகின்ற குதிரைகளின் நடுவே விழுந்து, இழுபட்டு, பிறகு கையை விடுவார். குதிரைகளும் வண்டியும் அவருக்கு மேலால் ஓடும். இன்றைக்குப் பார்த்தாலும் மூச்சு நின்றுவிடும்.

ஆனால் இந்த மனிதர் துணிச்சலோடு நின்றுவிடவில்லை. குதிரையில் இருந்து விழுகின்றவனின் கால் மிதிவளையத்தில் சிக்கினால் குதிரை அவனை இழுத்துக்கொண்டே ஓடும். கால் சிக்காமல் கழன்று வருகின்ற மாதிரி, ஒரு பக்கம் திறந்த மிதிவளையத்தைக் கனற் செய்தார். 1959 இல் வந்த 'பென்ஹர்' படத்தின் தேரோட்டத்தை நெறிப்படுத்திய இருவரில் அவரும் ஒருவர். அதில் சார்ள்ரன் ஹெஸ்ரனுக்கு டூப் போட்டவர் கனற்றின் சொந்த மகன். தேருக்கு முன்னால் தூக்கி எறியப்பட்ட மகன் நாடியில் ஒரு வெட்டோடு தப்பினார். 1967 இல் கனற்றுக்குக் கௌரவ ஒஸ்கார் விருது கொடுத்தார்கள். ஸ்ரண்ட் வேலைக்காக மட்டுமல்ல, ஸ்ரண்ட் தொழிலாளரைக் காப்பாற்றும் கருவிகளைச் செய்ததற்காகவும்தான் அந்த விருது. எனக்குப் பிடித்ததும் இந்த இடம்தான்.

கனற் செய்த அதே வித்தையை 1981 இல் 'றெய்டேர்ஸ் ஒவ் த லொஸ்ற் ஆர்க்' படத்தில் லொறிக்குக் கீழே செய்தார் ரெறி லியனாட். அதற்காக லொறியை உயர்த்தினார்கள். தெருவின் நடுவே பள்ளமும் வெட்டினார்கள். படத்தில் பார்க்கும்போது இதெல்லாம் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் வேலை.

எல்லா நேரமும் கணக்குச் சரிவருவதில்லை. உயரத்தில் இருந்து விழுவதற்குக் காட்போட் பெட்டிகளை அடுக்கிய காலம் போய்க் காற்றுப்பை வந்தது. 1978 இல் ஏ.ஜே. பக்குனாஸ் என்ற இளைஞர் 300 அடிக்கு மேலான உயரத்தில் இருந்து சரியாகப் பையின் மேல்தான் விழுந்தார். பை கிழிந்துவிட்டது. அவர் பிழைக்கவில்லை. எங்கள் தமிழ்ப் படங்களும் விலக்கல்ல. 2025 யூலையில் நாகபட்டினம் மாவட்டத்தில், கார் கவிழும் காட்சி எடுத்தபோது ஸ்ரண்ட் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

இவர்கள் தனித்தனியாக நின்றபோது ஒருவரும் கவனிக்கவில்லை. ஹொலிவூட்டில் 1961 இல் ஸ்ரண்ட் ஆண்கள் சங்கம் அமைத்தார்கள். நடிகைக்கு டூப் போட ஆணுக்கே பொய்மயிர் வைத்தார்கள். கறுப்பு நடிகருக்கு டூப் போட வெள்ளையருக்கே மை பூசினார்கள். 1967 இல் பெண்களும் கறுப்பின மக்களும் தங்களுக்கென்று சங்கங்களைத் தொடங்கினார்கள். நீண்ட காலம் ஸ்ரண்ட் வேலைக்கென்று ஒஸ்காரில் தனி விருதே இல்லை. 2027 இல் வெளிவரும் படங்களில் இருந்து அந்த விருது கொடுக்கப்படும் என்று 2025 இல்தான் அறிவித்தார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகின்றேன்? நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், மெசினின் பாதுகாப்புக் கதவு மூடாமலே ஓடுகின்ற மாதிரிச் செய்து வைத்திருந்தார்கள். அப்படி ஓட்டினால் மணித்தியாலத்துக்குக் கூடச் சாமான் வரும். புதிதாக வந்த எங்கள் தம்பி ஒருவரைத்தான் அதில் விட்டார்கள். "தமிழ் ஆட்கள் பயப்படமாட்டார்கள்" என்று மேலாளர் புகழ்ந்தார். தம்பிக்கும் பெருமை. மூன்றாம் மாதம் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. புகழ்ந்தவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

உயிரைப் பணயம் வைத்துப் பிழைக்கின்ற ஸ்ரண்ட்காரனே கயிற்றையும் பையையும் பத்துத் தரம் சோதித்துவிட்டுத்தான் குதிக்கின்றான். மணித்தியாலச் சம்பளத்துக்கு நிற்கின்ற எங்களுக்கு என்ன அவசரம்? ஒன்ராறியோவில் ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்கத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை இருக்கின்றது. அதற்காக முதலாளி தண்டிக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கின்றது. இது அகதியாக வந்தவருக்கும் பொருந்தும். பாஷை வராவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். ஊரில் பார்த்திருப்பவர்களுக்கு உங்கள் காசு தேவைதான், ஆனால் அதைவிட நீங்கள் தேவை.

இன்னுமொன்று. இனிமேல் பிள்ளைகளோடு சண்டைப்படம் பார்த்தால், முடிவில் எழுத்தோடத் தொடங்கியதும் ரி.வி.யை நிற்பாட்டாதீர்கள். ஸ்ரண்ட் என்ற தலைப்பின் கீழே சின்ன எழுத்தில் பெயர்கள் வரும். அவற்றைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.