தொடக்கக் கோடு

ஓட்டப் பந்தயம் காணச் செல்வோர் முடிவுக் கோட்டையே நோக்கி நிற்பர். தொடக்கக் கோட்டை நோக்குவார் மிகச் சிலர். அக்கோடு பிழைபட்டால் பந்தயம் முழுவதும் பிழைபடும். இவ்வுண்மையை யான் ஒரு சிறுவனிடமிருந்து கற்றேன்.

சங்கரன்கோவிலை அடுத்த ஒரு பள்ளியில் யான் தமிழாசிரியனாய் இருந்த காலம் அது. 1994ஆம் ஆண்டு விளையாட்டு விழாவன்று உடற்பயிற்சி ஆசிரியர் நோயுற்று வாராமையால், ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் பணி என்பால் வந்தது. வட்டமான ஓடுகளத்தில் நான்கடி இடைவெளியில் நான்கு தடங்கள் சுண்ணாம்பால் வரையப்பட்டிருந்தன. மாணவர் நால்வரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தினேன். ஒரே வரிசையில் நிற்பதன்றோ சமன் என்பது என் எண்ணம். ஊதல் ஒலித்தது. நால்வரும் தத்தம் தடம் பிறழாது ஒரு சுற்று ஓடினர். புறத்தடத்துச் சிறுவன் இறுதியில் வந்தான்.

அவன் என்னை அணுகி, "ஐயா, என் வட்டம் பெரிதல்லவா? நான் மிகுதியாக ஓடினேனே!" என்றான். "தோற்றவன் காரணம் தேடலாகாது" என்று கடிந்து அனுப்பிவிட்டேன்.

மாலையில் மனம் உறுத்தவே, கயிறு கொண்டு தடங்களை அளந்தேன். ஒவ்வொரு தடமும் தன் உள்தடத்தினும் ஏறத்தாழ 25 அடி நீண்டிருந்தது. அச்சிறுவன் முதல் தடத்தானைக் காட்டிலும் 75 அடி மிகுதியாக ஓடியிருந்தான்! 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், பி. டி. உஷா வெண்கலப் பதக்கத்தை இழந்தது ஒரு நொடியின் நூற்றில் ஒரு கூற்றால். யானோ 75 அடியைக் கவர்ந்துகொண்டேன். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பித்தவன் யான். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாட் காலை இறைவணக்கக் கூட்டத்தில் என் பிழையை அனைவர் முன்னும் எடுத்துரைத்தேன். புறத்தடத்தாரைப் படிப்படியாக முன்னே நிறுத்தி, மீண்டும் ஓடச் செய்தேன். "இஃது ஓரவஞ்சனை" என்று சிலர் கூவினர். கயிற்றை அவர்கள் கையிற் கொடுத்து அளக்கச் சொன்னேன், அடங்கினர். அச்சிறுவன் இம்முறை இரண்டாவதாக வந்தான். ஆயினும் முகம் மலர்ந்திருந்தான்.

அன்றுதொட்டுப் பந்தய விதிகளை ஊன்றிப் படிக்கும் ஆர்வம் எனக்கு உண்டாயிற்று. அவற்றுள் என்னைப் பெரிதும் கவர்ந்தது வானத்துப் பந்தயம். எங்கள் கரிசற்காட்டின்மேல் நண்பகலிற் பருந்துகள் சிறகசையாது வட்டமிட்டு உயரும். வெயிலாற் சூடேறி மேலெழும் காற்று அவற்றைத் தாங்குகிறது. அக்காற்றையே துணைக்கொண்டு, கிளைடர் என்னும் பொறியில்லா வானூர்திகள் பந்தயமிடுகின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாகவே மேலேற்றப்படும். முன்னர் ஏறியவர் முந்திக்கொள்ளாதவாறு, இறுதி ஊர்தியும் உயரம் பெறுதற்குரிய நேரம் கழிந்த பின்னரே தொடக்கக் கோடு திறக்கப்படும். பின்னர் அவரவர் விரும்பிய நேரத்தில் அதனைக் கடக்கலாம். கடந்த நொடி முதல் அவரவர் காலம் கணக்கிடப்படும்.

இவ்விதியிலும் ஒரு குறை உண்டு. பின்னே புறப்படுபவர், முன்னே சென்றவர் வட்டமிடும் இடங்கண்டு ஏறுகாற்றை எளிதில் அடைவர். ஆகவே, முதலிற் புறப்பட ஒருவரும் விரும்பாது காத்திருப்பர். இதனைத் தவிர்க்கச் சில பந்தயங்களில் எல்லாரையும் ஒரே நேரத்தில் புறப்படச் செய்கின்றனர். புள்ளி வழங்கலிலும் இத்தகைய கவனம் உண்டு. ஒரு நாளில் வென்றவர் 1000 புள்ளி வரை பெறலாம். ஆயினும், பெரும்பாலோர் குறித்த குறைந்த தொலைவையும் கடவாது தரையிறங்கினால், அந்நாளின் புள்ளி மதிப்பைக் குறைத்துவிடுவர். காற்றின் தயவால் வந்த வெற்றி, திறமையால் வந்த வெற்றிக்கு நிகராகாது என்பது அவர்கள் கருத்து.

குறையற்ற விதியை முதன்முறையிலேயே வகுத்தவர் எவருமிலர். குறை கூறுவார்க்குச் செவி கொடுத்து, அளந்து பார்த்துத் திருத்துதலே நடுவுநிலைமை. மாணவர்களே, நாளை நீங்களும் பிறர்க்குக் கோடு வரைய நேரும். அப்பொழுது, புறத்தடத்தில் நிற்பவன் சொல்வதைக் கேட்ட பின்னரே ஊதலை வாயில் வையுங்கள்.