துப்பாக்கி இல்லாத விண்கலம்

டிசம்பர் 24, 2022, சனி

சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்த பெட்டியை இன்றுதான் அலமாரி மேலிருந்து இறக்கினேன். லெகோ 10497, கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர். 1254 துண்டுகள். பெட்டியில் 18+ என்று போட்டிருப்பதைக் காட்டி, "இது பையனுக்கு இல்ல மாமா, உங்களுக்குத்தான்" என்றார். லெகோவை நான் கையால் தொட்டதே கிடையாது. எங்கள் காலத்தில் மெக்கானோ செட்டே டாக்டர் வீட்டுப் பிள்ளைகளிடம்தான் இருக்கும். ஆனாலும் ஆயுசில் பாதியை வரைபடப் பலகை மேல் குனிந்தே கழித்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று ஒரு மிதப்பு.

பேரன் அரையாண்டு விடுமுறைக்கு வந்திருக்கிறான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இதுல கன் எங்க?"

தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை.

டிசம்பர் 25, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டி ஒன்றை விரித்துக்கொண்டோம். உருண்டு ஓடும் பொடித் துண்டுகள் துணியில் நின்றுவிடும். நிறவாரியாகப் பிரிப்பது வீண். நீலமும் சாம்பலும்தான் மிகுதி. அந்தச் சாம்பலிலும் வெளிர், அடர் என்று இரண்டு வகை. ராத்திரி விளக்கில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. வடிவம் பார்த்துப் பிரித்தால் தேடல் பாதியாகிறது. அதற்காக எவர்சில்வர் தட்டுகள் அத்தனையும் மேஜைக்கு வந்துவிட்டன. "ராத்திரி டிபனை எதுல வைக்கிறதாம்?" என்றாள் என் மனைவி.

கட்டும் முறையைக் காட்டும் பக்கங்களில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. எல்லாமே படம். அளவு எழுதாமல் ஒரு தாளைக் கீழே அனுப்பியிருந்தால் எங்கள் ஃபோர்மன் அதைச் சுருட்டி என் மேஜையிலேயே போட்டிருப்பார். இங்கே அளவு எழுதத் தேவையே இல்லை. கட்டைகளின் மேலுள்ள குமிழை எண்ணினால் போதும். ஆக்சில் கம்பிகளை மட்டும் நிஜ நீளத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கம்பியைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் சரியானதா இல்லையா என்று தெரிந்துவிடும். வரைந்தவன் கெட்டிக்காரன்.

டிசம்பர் 27, செவ்வாய்

வெர்னியர் காலிப்பரை எடுத்துவிட்டேன். பேரனுக்கு இந்தக் கருவி லெகோவைவிடப் பிடித்துப்போயிற்று.

கட்டையின் உயரம், மேலே உள்ள குமிழ் நீங்கலாக, 9.6 மில்லிமீட்டர். மெல்லிய பிளேட் 3.2. மூன்று பிளேட் ஒரு கட்டைக்குச் சமம். இரண்டு குமிழ் அகலமுள்ள கட்டை 15.8 காட்டியது. நியாயமாக 16 வர வேண்டும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர் அல்லவா! அந்த 0.2 பக்கத்துக் கட்டையோடு உரசாமல் இருக்க விட்ட இடைவெளி. ஐந்து பிளேட்டை அடுக்கி அளந்தால் சரியாக 16.

இந்த 16 தற்செயல் அல்ல என்பது மத்தியானம் புரிந்தது. பக்கவாட்டில் குமிழ் வைத்த துண்டுகள் சில உண்டு. அவற்றில் ஒரு பாகத்தைத் திருப்பிப் படுக்கவாட்டில் மாட்டினால், ஐந்து பிளேட் தடிமன் இரண்டு குமிழ் அகலத்தோடு போய்ச் சரியாக உட்கார்ந்துகொள்கிறது. கீழிருந்து மேலே அடுக்குவதுதான் இந்த விளையாட்டு என்று நினைத்திருந்த எனக்கு, கலத்தின் ஓரங்கள் வழவழவென்று வருவதன் சூட்சுமம் அங்கேதான் பிடிபட்டது. குமிழும் அடியில் உள்ள குழாயும் கவ்விக்கொள்ளும் இந்த முறைக்கு டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28. அந்தக் காலத்துக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். போன வருஷத்து சார்ஜர் இந்த வருஷத்துப் போனுக்குச் சேராத காலத்தில்!

டிசம்பர் 29, வியாழன்

நான்கு விண்வெளி வீரர்களும் தயார். வெள்ளை உடையில் இருவர், சிவப்பில் இருவர், முதுகில் காற்றுக் கலன். ஹெல்மெட்டைப் பார்த்ததும் பேரன் "பென்னி மாதிரி!" என்றான். 2014இல் வந்த லெகோ படத்தில் தாடைப் பட்டை உடைந்த ஹெல்மெட்டோடு திரியும் நீல வீரன்தான் பென்னி. பழைய ஹெல்மெட்டுகள் நிஜமாகவே அந்த இடத்தில்தான் உடையும். புதியதில் பட்டையைத் தடிமனாக்கியிருக்கிறார்கள்.

கூடவே ஒரு குட்டி ரோபோ. அதற்கு ஜீனோ என்று பெயர் வைத்தேன். சுஜாதா கதையில் வரும் இயந்திர நாயின் பெயர் அது. பேரனுக்கு அதைத் தெரியவில்லை. கதை சொல்வதிலேயே சாயங்காலம் போயிற்று. இறக்கையில் ஒரு பக்கம்தான் முடிந்தது.

கன் கேள்விக்கும் இன்று பதில் சொன்னேன். இது ஒரு பழைய லெகோ கலத்தின் மறுவடிவம். அந்த மூலக் கலம் 1979இல் வந்தது, 338 துண்டுகள். அந்த விண்வெளி வரிசையை உருவாக்கியவர் யென்ஸ் நீகார்ட் க்னுட்சன். லெகோவின் குட்டி மனிதர்களை 1978இல் வடிவமைத்தவரும் அவரே. ஸ்டார் வார்ஸ் வந்து இரண்டே வருஷம். உலகமே லேசர் சண்டையில் கிறங்கிக் கிடந்த நேரம். இவர்கள் துப்பாக்கி வைக்கவில்லை. கிரகத்தில் இறங்கு, வண்டியை ஓட்டிப் பார், திரும்பி வா, அவ்வளவுதான். 1987இல் பிளாக்ட்ரான் என்ற கறுப்பு உடைக் கூட்டம் வந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு வில்லன் கிடைத்தான். அவர்களைப் பிடிக்க 1989இல் போலீசும் வந்துவிட்டது.

"அப்ப இவங்க சண்டையே போட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"போர் தாத்தா."

டிசம்பர் 31, சனி

முடிந்தது. 52 சென்டிமீட்டர் நீளம். மூலத்தைப்போல ஒன்றரை மடங்கு. சிறு வயதில் கையில் பிடித்தபோது இருந்த கனமும் அளவும் பெரியவர் கைக்கும் கிடைக்கட்டும் என்றுதான் இப்படிப் பெரிதாக்கினார்களாம். சிறு வயதில் பிடித்தே பார்க்காத எனக்கும் கனமாகத்தான் இருக்கிறது.

மேஜையில் மிஞ்சிய பொடித் துண்டுகளைப் பார்த்து இவள், "எங்கயோ விட்டுட்டீங்க" என்றாள். விடவில்லை. பைகளை எடை பார்த்து நிரப்புகிறார்கள். மிகச் சிறிய துண்டுகளின் எடை நம்பும்படி இருக்காது என்பதால் ஒன்றிரண்டு கூடுதலாகவே போடுவார்கள்.

மடங்கும் கால்கள், பின்கதவு, சறுக்குப் பாதை, அதில் இறங்கும் வண்டி, உள்ளே படுக்கைகள் எல்லாம் வேலை செய்கின்றன. மஞ்சள் கண்ணாடி அழகு. குறை என்றால், பழைய பெட்டியில் இருந்த பள்ளம் பள்ளமான நிலாத் தரை இதில் இல்லை. கலம் இறங்கச் சாப்பாட்டு மேஜைதான் கதி.

காலையிலிருந்து வண்டியை விட்டு பேரன் நகரவில்லை. கன் பேச்சையும் எடுக்கவில்லை. இதே துண்டுகளால் எல்எல் 924, எல்எல் 918 என்று இரண்டு சிறிய கலங்களையும் கட்டலாம். செய்முறை நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பெரியதைக் கலைத்தால்தான் அவற்றைக் கட்ட முடியும். அவன் ஊருக்குப் போகும்வரை கலைப்பதாக இல்லை.